செவ்வாய்க்கிழமை மாலுமிக்கு ஒரு பதக்கம்

என் வீட்டுக்காரர் நினியன் கெட்டஸ் இன்வர்டோரன் கடைத்தெருவில் திரைச்சீலையும் லினோலிய விரிப்பும் விற்பவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் நார்வேக்குப் போவார். ஆறரைக்குக் கிளம்பி, வடகடலைத் தாண்டி, எதிரிக் கப்பல் ஒன்றிரண்டை மூழ்கடித்துவிட்டு, கோகோ ஆறுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார். பூட்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது.

பட்டால்தானே ஆச்சரியம்? அவர் போகிற கப்பல் கரையை விட்டு நகர்ந்ததே கிடையாது. கடற்படை ரிசர்வ் என்கிற பகுதிநேர ஆட்கள் பயிற்சி எடுக்கட்டும் என்று சர்க்கார் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கொண்டுவந்து கட்டிவிட்ட பழைய போர்க்கப்பல் அது. பாய்மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு மேலே கூரை போட்டிருந்தார்கள். அதற்குக் கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் நாங்கள் கொட்டகை என்போம். கொட்டகைக்கு டெலிபோன் கம்பி கரையிலிருந்துதான் போகிறது, பால்காரன் தினமும் வாசலில் பாட்டில் வைக்கிறான். ஆனால் அதன் ஏறுபலகையில் கால் வைத்தால் போதும், வக்கீல், மளிகைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் நடுக்கடலில் இருப்பதாக ஐதீகம். சிகரெட் வாங்கக் கடைக்குப் போகவேண்டுமென்றாலும் 'கரை இறங்க அனுமதி' கேட்டுத்தான் போகவேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலகப் போரின்போது இவர்கள் விளையாடவில்லை. நினியன் கண்ணிவெடி வாரும் படகு ஒன்றில் ஆறு வருடம் இருந்தார். அந்தப் படகு போன இடங்களைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். அதைக் கேலி செய்கிறவன் என் வாயில் விழுந்து எழுந்திருக்கமாட்டான். நான் கேலி செய்வதெல்லாம் அமைதிக்காலத்து நார்வேயைத்தான்.

"போயிட்டு வாங்க. நார்வேல குளிரா இருக்கும், மஃப்ளர் எடுத்துக்குங்க" என்பேன். அவர் காதில் விழாத மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். கோபமே வராத மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

செவ்வாய்க்கிழமையில் எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் நகர மண்டபத்தில் நடனம் வைப்பதே செவ்வாய்க்கிழமைதான். அக்கார்டியன், பிடில், டிரம்ஸ் எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நினியன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனது அங்கேதான். அப்போதே என் காலை நன்றாக மிதித்தார். மிதிக்காமல் ஆடக் கற்றுக்கொள்வார் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட வருடமே ரிசர்வில் சேர்ந்தார். அப்புறம் நான் ஆடியதெல்லாம் அடுக்களையில் விளக்குமாற்றோடுதான்.

நான் ஒரு தடவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதில் ஒரு வாக்குக் கொடுத்தார். ரிசர்வ் அதிகாரிகளுக்கு நீண்ட சேவைக்கென்று ஒரு பதக்கம் உண்டு. இருபது வருடம் ஒழுங்காகச் சேவை செய்திருக்கவேண்டும், போர்க்கால வருடங்களுக்கு இரட்டைக் கணக்கு. அது கைக்கு வந்த மறுநாளே ராஜினாமா, அப்புறம் செவ்வாய்க்கிழமை பூராவும் உன்னுடையது என்றார். போர்க்காலம் அவருக்கு இரட்டிப்பென்றால் வீட்டில் விழித்துக்கொண்டு கிடந்தவளுக்கு எத்தனை மடங்கு என்று கேட்டேன். விதிமுறையில் அது இல்லையாம்.

ஆக, இந்தப் பூமியில் அந்தப் பதக்கத்துக்காக என்னைவிட ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தவர் யாரும் கிடையாது.

ஐம்பத்தொன்றாம் வருடக் கோடையில் வந்து சேர்ந்தது. தபாலில் அல்ல. அட்மிரல் ஒருவர் நேரில் வந்து, கொட்டகையைச் சோதனை போட்டுவிட்டு, தன் கையாலேயே குத்திவிடுவதாக ஏற்பாடு. கொட்டகையின் கமாண்டர் ஸ்ட்ரதர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். அவர் ஊரில் மார்மலேட் ஜாம் தொழிற்சாலை முதலாளி. எல்லோருக்கும் சர்க்கரை ரேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் கொழுகொழுவென்று இருப்பார். டீயைக் குடித்துவிட்டு நினியனை ஒரு பார்வை பார்த்தார். சோதனையன்று கப்பலில் ஏதாவது கோளாறு நடந்தால் அட்மிரல் பதக்கத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார், தன்னுடைய சிபாரிசையும் தான் வாபஸ் வாங்கவேண்டிவரும், அப்புறம் எந்த வருடமோ என்றார். எந்த வருடமோ என்றால் எத்தனை செவ்வாய்க்கிழமையோ!

அட்மிரலுக்குக் காட்ட ஸ்ட்ரதர்ஸ் தேர்ந்தெடுத்தது 'துறைமுகம் விட்டுப் புறப்படுதல்'. வாராவாரம் செய்வதுதான். கமாண்டர் தகரக் குழாயில் வாயை வைத்து, "பின் கயிறை விடு!" என்று கத்துவார். கயிற்றுப் பக்கத்தில் நிற்பவன் அதைத் தொடக்கூட மாட்டான். விறைப்பாக நின்று, "விட்டாச்சு சார்!" என்பான். அப்படியே முன் கயிறும். பிறகு மணி அடிக்கும். வாட்டி இம்ரி சுக்கான் சக்கரத்தைச் சுற்றுவார். அவர் வாரநாளில் மீன் கடை வைத்திருப்பவர், கொட்டகையில் மூத்த மாலுமி. சக்கரத்துக்குக் கீழே சுக்கானே இல்லை, எந்தக் காலத்திலோ கழற்றி விற்றுவிட்டார்கள். இருந்தாலும் வாட்டி முகத்தை இறுக்கிக்கொண்டு, "கப்பல் ஓடுது சார்!" என்பார். கமாண்டர் இடப்பக்கம் கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பார். நிஜத்தில் அந்தப் பக்கம் இருப்பது உப்புக் கிடங்கு.

சனிக்கிழமை மத்தியானம் அட்மிரலின் கார் வந்து நின்றது. நல்ல வெயில், ஊருக்குள்ளிருந்து கடல் பக்கமாக ஒரு காற்று. அதிகாரிகளின் மனைவிமார் நாங்கள் ஏழெட்டுப் பேர் தொப்பி, கையுறை சகிதம் கரை மேடையில் நின்றோம். பயிற்சி முடிந்த பிறகுதான் விருந்தாளிகள் ஏறலாம். கப்பல் 'கடலில்' இருக்கும்போது எப்படி ஏறுவதாம்? என் கையில் ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பா. ஒரு மாதத்துச் சர்க்கரையும் வெண்ணெயும் அதற்குள் இருந்தது. கை வலித்ததால் அதை ஏறுபலகையின் கீழ்ப் படியில் வைத்தேன்.

அட்மிரல் மேலே போய்விட்டார். காரை ஓட்டிவந்த மாலுமி மட்டும் கயிறு கட்டும் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். நெட்டையன். நிஜக் கடற்படை ஆள். எங்கள் ஆட்கள் சட்டைக் கையில் தங்கக் கோடு அலை அலையாக நெளியும், நிஜக் கடற்படை அதிகாரிகளுக்கு நேராக ஓடும். இவன் கை வைத்திருந்த விதமே அந்தக் கோடு மாதிரி நேராக இருந்தது.

"பின் கயிறை விடு!" என்று ஸ்ட்ரதர்ஸின் தகரக் குழாய் அலறியது.

நெட்டையன் குனிந்தான். தூணில் கிடந்த கனத்த கயிற்று வளையத்தை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் போட்டான்.

நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தது புத்தியில் ஏறுவதற்குள், "முன் கயிறை விடு!" என்று சத்தம் வந்தது, அவன் அந்தத் தூணுக்கு ஓடி அதையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏம்ப்பா, என்ன காரியம் பண்ணினே?" என்றேன்.

"உத்தரவு வந்துச்சுங்க, மேடம்."

அவன்மேல் தப்பே இல்லை. கடற்படையில் விடு என்றால் விடுவதுதான். விடாமல் விட்டாச்சு என்று சொல்கிற வழக்கம் எங்கள் கொட்டகையில் மட்டும்தான் உண்டு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

மேலே "விட்டாச்சு சார்!" என்று இரண்டு குரல்கள் வழக்கம்போலக் கேட்டன. மணி அடித்தது. காற்று அந்தக் கூரையில் மோதியது. நூறு வருடப் பழைய கப்பல் சோம்பல் முறித்துக்கொண்டு கரையைவிட்டு ஒரு முழம் விலகியது, பிறகு ஒரு கஜம்.

"கப்பல் ஓடுது சார்!" என்றார் வாட்டி.

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனுஷன் உண்மையைச் சொன்னார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

டெலிபோன் கம்பி விறைத்து அறுந்தது. ஏறுபலகை ஒரு முனையில் நழுவி, சாய்ந்து, தண்ணீரில் விழுந்தது. என் பக்கத்தில் நின்ற மிஸஸ் ஸ்ட்ரதர்ஸ் கைதட்டினார். எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறார்கள், தன் வீட்டுக்காரர் இதற்காகவே தூங்காமல் திட்டம் போட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாங்கள் எல்லோரும் கத்தினோம், கப்பல் போகிறது, கப்பல் போகிறது என்று. மேல்தளத்தில் வரிசையாக நின்றவர்கள் எங்களுக்கு சல்யூட் அடித்தார்கள். வழியனுப்ப வந்த பெண்கள் என்று நினைத்துவிட்டார்கள்! ஒருத்தன் கைக்குட்டையைக்கூட ஆட்டினான்.

துறைமுக வாய் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. வெளியே நீரோட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. சுக்கானும் இல்லை, இயந்திரமும் இல்லை, உள்ளே அட்மிரல்.

கப்பலின் பின்பகுதியில் நினியன் தனியாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அந்த இடம் அவர் பொறுப்பு. நான் மேடை ஓரமாக ஓடினேன். கப்பலில் இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நல்ல நாளும் அதுவுமாக மீறவேண்டாம் என்று, "கெட்டஸ் சார்! கப்பல் நிஜமாவே போகுது சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்வேன்? பதினைந்து வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தவள் கடைசி நாளிலாவது தன்னோடு சேர்ந்து விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார். கண்ணெல்லாம் சிரிப்பாக, நிமிர்ந்து நின்று, எனக்கென்றே ஒரு சல்யூட் வைத்தார். "நார்வேலேர்ந்து என்ன வேணும், மேடம்?" என்றார்.

இந்த ஒரு சந்தோஷத்தை ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்திருந்தால் நான் என்ன குறைந்தா போயிருப்பேன்? ஆனால் உருகிக்கொண்டு நிற்க அது நேரமா?

"நினியன்! ஏறுபலகை தண்ணிக்குள்ள கிடக்கு. அதுமேல வெச்ச ஷார்ட்பிரெட் டப்பாவும் போச்சு. ஒரு மாசத்துச் சக்கரை!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ராஜாவைப் பற்றி விளையாட்டுக்குப் பேசுவேன், பாதிரியாரைப் பற்றிப் பேசுவேன், சர்க்கரையில் நான் விளையாடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். அவருக்கும் கரைக்கும் நடுவே பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது, அதில் என் டப்பா மிதந்துகொண்டிருந்தது.

அந்த முகத்தில் ஓடியது எல்லாம் எனக்குத் தெரிந்தது. கப்பலின் முன்பக்கத்தில் ஸ்ட்ரதர்ஸ் அட்மிரலுக்குக் கலங்கரை விளக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நினியன் ஒரு சத்தம் போட்டால் போதும், கப்பல் அவிழ்ந்து போனது அட்மிரலுக்குத் தெரிந்துவிடும். பதக்கம் பைக்குள்ளேயே திரும்பிப் போகும். பேசாமல் இருந்தால் கப்பல் கடலுக்குப் போகும். உத்தரவில்லாமல் எதையாவது செய்தால் அதுவும் குற்றம். ஒரு நிமிடம் நின்றார். பிறகு கூச்சல் எதுவும் போடாமல், நுனியில் கனமான முடிச்சுப் போட்ட வீச்சுக் கயிற்றை எடுத்துச் சுற்றி வீசினார்.

அது தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினார். அதுவும் விழுந்தது. திரைச்சீலை விற்கிற கைதானே என்று நான் பல்லைக் கடித்தேன். மூன்றாவது தடவை வீசியபோது முடிச்சு நேராக மிஸஸ் ஸ்ட்ரதர்ஸின் தொப்பியில் வந்து அடித்தது. தொப்பி போனால் போகிறது என்று நான் கயிற்றை அமுக்கிப் பிடித்துவிட்டேன்.

வீச்சுக் கயிற்றை இழுத்தால் அதன் வாலில் கனத்த கயிறு வரும். தண்ணீரில் நனைந்து, எருமை மாதிரி கனத்தது. கையுறையெல்லாம் கிழிய நாங்கள் ஏழெட்டுப் பெண்களும் வரிசையாக நின்று இழுத்தோம். நெட்டையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னப்பா வேடிக்கை பாக்கறே?" என்றேன்.

"உத்தரவு இல்லைங்களே, மேடம்."

"இந்தா, நான் சொல்றேன், பிடி கயிறை!"

பிடித்தான் பாருங்கள்! பாவம், உத்தரவுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரே இழுப்பில் வளையம் மேடைக்கு வந்தது, தூணில் மாட்டினான். கயிறு விறைத்து முனகியது, தண்ணீர் பிழிந்து ஒழுகியது. அறுந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அறுந்துபோகவில்லை. கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மேலே வரிசையாக நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், அட்மிரலின் தொப்பி உருண்டது. அப்போதுதான் ஸ்ட்ரதர்ஸ் கலங்கரை விளக்கம் இருக்கவேண்டிய இடத்தில் உப்புக் கிடங்கு இல்லாததைக் கவனித்தார்.

கப்பலிலேயே இருக்கிற கயிறு சுற்றும் உருளையைச் சுழற்றித் தங்களைத் தாங்களே கரைக்கு இழுத்துக்கொள்ள அரை மணிக்குமேல் ஆனது. வாட்டி இம்ரி அவ்வளவு நேரமும் வியர்க்க விறுவிறுக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாராம், எதற்கென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

புதுப் பலகை போட்டு எங்களை மேலே ஏற்றினார்கள். கலைந்த தலையும் சேறு பட்ட பாவாடையுமாக நாங்கள் வரிசையாக நின்றோம். ஸ்ட்ரதர்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வியாபாரி அல்லவா, வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இது கூடுதல் பயிற்சி என்றார் அட்மிரலிடம். அவிழ்ந்துபோன கப்பலைக் கரையிலிருப்பவர்களை வைத்தே மீட்பது, பெண்களும் அதில் பங்கெடுத்தது இந்த ஊரின் சிறப்பு என்று அளந்தார்.

அட்மிரல் தொப்பியில் ஒட்டிய தூசியைத் தட்டினார். வயதானவர், சின்னக் கண். அந்தக் கண் ஸ்ட்ரதர்ஸைப் பார்த்தது, தன் நெட்டையனைப் பார்த்தது. பிறகு நினியனிடம் வந்து நின்றது.

"கயிறு வீசினது நீங்கதானே?"

"ஆமா சார்" என்றார் நினியன். உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். கடையில் ஒரு கஜம் துணி அரை அங்குலம் குறைந்துவிட்டால், வாங்கினவளே கவனிக்காதபோதும், இந்த மனுஷன் இப்படித்தான் கனைத்துவிட்டு உண்மையைச் சொல்லுவார். சொல்லப்போகிறார். பதக்கம் போச்சு. என் செவ்வாய்க்கிழமையும் போச்சு. ஸ்ட்ரதர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், அது வந்து..." என்று நினியன் ஆரம்பித்தார்.

அட்மிரல் அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். கிழிந்த கையுறையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க, மிஸஸ் கெட்டஸ். இதை எவ்வளவு நாளா ஒத்திகை பாத்தீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொட்டகையை வாயாரக் கிழிக்க இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்குமா? ஒரு அட்மிரலே கேட்கிறார்! நாக்கு நுனியில் அத்தனையும் தயாராக இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நின்றது கரையைவிட்டு விலகும் கப்பலில் மலர்ந்த அந்த முகம்தான். வந்தது இவ்வளவுதான்:

"பதினஞ்சு வருஷமா, சார். செவ்வாய்க்கிழமை தவறாம."

அட்மிரல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் அல்லவா?

"கை பழகியிருக்கறது தெரியுது" என்றார். பைக்குள் கைவிட்டுப் பதக்கத்தை எடுத்தார்.

நீல ரிப்பன், நடுவில் பச்சை. அதன் கீழே கிரீடமும், முட்டை வடிவத்தில் வளைந்து கடைசியில் முடிச்சுப் போட்ட கயிறும். அவ்வளவுதான். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சாமான். அதைக் குத்தும்போது நினியனின் தாடை ஆடியது. அழக்கூடாது, அதிகாரி அழக்கூடாது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், என் மூக்குதான் ஒழுகியது.

வீட்டுக்கு நடந்துதான் போனோம். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவதாக அவராகவே சொன்னார். வாக்கு வாக்குதான் என்றார். தபாலாபீஸ் திருப்பத்தில் மெல்ல இழுத்தார்.

"எஃபி, சும்மா தகவலுக்குத்தான் சொல்றேன். அட்மிரல் சொன்னாரு, இன்னும் பத்து வருஷம் ஒழுங்கா சேவை பண்ணினா இந்த ரிப்பன் மேல ஒரு பட்டை குத்துவாங்களாம்."

நான் நின்றேன். அவரும் நின்றார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் என் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து எரிந்துகொண்டிருந்தது.

"ஒழுங்கா பண்ணுங்க. யார் வேண்டாம்னா?" என்றேன். "பத்து வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாம, நகர மண்டபத்துல, என் காலை மிதிக்காம. பட்டையை நானே குத்திவிடறேன்."

நடுத்தெருவில், கடைக்காரர்கள் எல்லோரும் பார்க்க, நினியன் கெட்டஸ் விறைப்பாக நிமிர்ந்தார்.

"உத்தரவு, மேடம்" என்றார்.